படங்கு போட்டு மூடிய மெஷின்

சதீஷ்,

இந்தக் கடிதத்தை உன் போனுக்கு அனுப்பவில்லை. கையால் எழுதி, தாள் தாளாக நம் பட்டறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்து ஒட்டியிருப்பதால் சில நாளைக்காவது அழியாது. வெல்டிங் வேலைக்கு வருகிறவர்கள், ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பக்கத்துக் கடைக்காரர் என்று எல்லாரும் நின்று படிக்கிறார்கள். யாராவது படம் பிடித்து எப்படியும் உனக்கு அனுப்பிவிடுவார்கள், அந்தக் கவலை எனக்கு இல்லை. "வீட்டு விசயத்த ஏம்மா ரோட்டுல போடுறீங்க?" என்று கேட்பாய். வீட்டு விஷயமாக இருந்திருந்தால் சோறு போடும்போதே திட்டி முடித்திருப்பேன். நீ மூடி வைத்தது ஊர் விஷயத்தை. அதனால் ஊர் படிக்கட்டும்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த மனுஷனுக்குக் கோபம் வந்தால் கிரைண்டரைப் போட்டுக்கொண்டு தேவையில்லாத இரும்பைத் தேய்ப்பார். நீ பையைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கொழும்பு பஸ் ஏறிய நாளிலிருந்து தேய்த்துக்கொண்டே இருக்கிறார். பழைய ஆங்கிள் இரும்பெல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அதுதான் ஏற்பாடு: அவருக்கு இரும்பு வேலை, எனக்கு வாய் வேலை. சாமான் வாங்குவது, வேலை பேசுவது, வாடிக்கைக்காரரோடு சண்டை போடுவது, சமாதானம் செய்வது எல்லாம் நான்தான். பட்டறை என் பேரில் இருப்பதும் அதனால்தான். ஆகவே இதில் இருப்பது இரண்டு பேருடைய கோபம். கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

முன்பு நீ கொழும்பிலிருந்து திரும்பி வந்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. கெம்பஸில் தொழில்நுட்பம் படித்தாய், கொழும்பில் கம்பெனி வேலை பார்த்தாய், பிறகு ஒரு நாள் வந்து, "அம்மா, நம்ம பட்டறைய நான் பெருசாக்கப் போறேன்" என்றாய். இந்த ஊரிலிருந்து படித்துப் போன பிள்ளைகளில் யார் திரும்பி வருகிறார்கள்? வட்டகொடையில் தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கு, பெற்ற பிள்ளை படிப்பை எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பி வந்தது என்பது சின்ன விஷயமா? தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ சுவரில் வெள்ளைப் பலகை மாட்டினாய், அதில் அம்புக்குறி போட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தாய். "பெரிய கம்பெனிங்க இப்ப எல்லா யோசனையும் உள்ளுக்குள்ளேயே தேடுறதில்லம்மா. வெளியில, நம்மள மாதிரி சின்னத் தொழில் செய்றவங்ககிட்ட இருந்து எடுத்துக்குவாங்க. இதுக்குப் பேரு ஓப்பன் இனோவேஷன். தமிழ்ல திறந்த புத்தாக்கம்" என்றாய். எனக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது. நம் தெருவில் நாம் எப்போதும் செய்துகொண்டிருப்பதற்கு யாரோ படித்தவர்கள் பெயர் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். "எடுத்துக்குவாங்க" என்று நீ சொன்னதை மட்டும் அப்போது நான் சரியாகக் கவனிக்கவில்லை.

வெளியூரிலிருந்து வந்து இதைப் படிக்கிறவர்களுக்காக நீ தார்ப்பாய்ப் படங்கு போட்டு மூடிய அந்த மெஷின் என்னவென்று சொல்கிறேன். நுவரெலியாப் பக்கமும் அக்கரப்பத்தனைப் பக்கமும் தோட்டத்துக்கு நடுவே கிடைக்கிற துண்டு நிலத்தில் எல்லாம் கரட் போடுகிறார்கள். பிடுங்கிய கரட்டை மண்ணோடு லொறியில் ஏற்ற முடியாது. ஓடைப் பக்கமாக ஒரு கொட்டகை போட்டு, அங்கே கழுவித்தான் மூட்டை கட்டுவார்கள். நம் பட்டறையில் செய்வது அந்தக் கழுவுகிற மெஷின். சட்டம் சட்டமாக அடித்த பெரிய உருளை. உள்ளே கரட்டைக் கொட்டி, மேலே தண்ணீரைத் திறந்துவிட்டு, மோட்டாரில் சுற்றவிட்டால் ஒன்றோடொன்று உரசி மண் போய்விடும். பார்க்க இவ்வளவுதான். இவ்வளவு வருவதற்கு எத்தனை பேர் வேண்டியிருந்தது என்பதைத்தான் உன் வெள்ளைப் பலகையில் நீ எழுதவில்லை.

உன் அப்பா செய்த முதல் உருளை இரும்புக் கம்பியில். கரட் கழுவுகிற கொட்டகை வைத்திருக்கும் சரோஜா அதை வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாரமே ஒரு பை கரட்டோடு வந்து நம் மேசையில் கொட்டினாள். எல்லாவற்றுக்கும் நுனி ஒடிந்திருந்தது. "அண்ணே, கழுவச் சொன்னா வெட்டி வெச்சிருக்கீங்க. யாவாரி என்னைய மூஞ்சில அடிக்கிறான்" என்றாள். அவள் சத்தம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். கினிகத்தேனையில் பட்டறை வைத்திருக்கும் சுனில் அன்றைக்கு ஏதோ பெயாரிங் வாங்க வந்தவன், நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனும் நம்மைப் போல வெல்டிங்காரன், அதுவும் அதே வாடிக்கைக்காரரைத் தேடுகிறவன். வேறு ஊராக இருந்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு போயிருப்பான். இவன் உன் அப்பாவை அண்ணன் என்று தன் சிங்களத்தில் கூப்பிட்டு, "ஐயே, கம்பி வேணாம், பலகை போடுங்க. எங்க பக்கம் ரப்பர் இருக்கு, நான் ஷீட் கொண்டாந்து தர்றேன், பலகைக்கு மேல ஒட்டலாம்" என்றான். கொண்டுவந்தும் கொடுத்தான். அதே யோசனையை அவன் மிளகு உருட்டுகிற மெஷினுக்கும் எடுத்துக்கொண்டான், உன் அப்பா போய் அவனுக்கு அச்சு நேராக்கிக் கொடுத்தார். பிறகு உருளை சுற்றுகிற வேகம் அதிகம் என்று சொன்னது சரோஜா. வேகத்தைக் குறைக்கப் பெரிய சக்கரம் கடைந்து கொடுத்தது சுனில். இதில் எந்தப் பகுதி யாருடையது என்று பிரிக்கச் சொன்னால் எங்களால் முடியாது. நீ பிரித்துவிட்டாய். எல்லாம் உன்னுடையது என்று ஒரு பெரிய கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய்.

சுனில் உனக்கு யாரோ இல்லை. கெம்பஸ் கடைசி வருஷம் உன் புரொஜெக்டுக்கு ஒரு தண்டு கடைய ஆள் இல்லாமல் நீ அழாக்குறையாக நின்றபோது, தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு உனக்குக் கடைந்து கொடுத்தவன். அந்தப் புரொஜெக்ட் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றி என்று எழுதி லெக்சரருக்குப் போட்டாய், நண்பர்களுக்குப் போட்டாய், உனக்குப் பிரிண்ட் அடித்துக் கொடுத்த கடைக்கும் போட்டாய். அவன் பெயர் இல்லை. அப்போதே உன் காதைத் திருகியிருக்கவேண்டும்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். நம் தெருவில் அந்த நாள் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் மறந்தவன் மாதிரி நடந்துகொண்டதால் சொல்கிறேன். அந்த வருஷம் புதிதாகச் செய்ததை ஒவ்வொரு பட்டறைக்காரனும் வாசலில் கொண்டுவந்து வைக்கவேண்டும். சந்தனம் குங்குமம் வைத்து, பக்கத்தில் பொரி கடலைத் தட்டு வைக்கவேண்டும். யாரும் வரலாம், தொட்டுப் பார்க்கலாம், சுற்றிப் பார்க்கலாம், குனிந்து அடியில் பார்க்கலாம். ஆனால் ஒரு குறையாவது சொல்லாமல் பொரியில் கை வைக்கக்கூடாது. "நல்லாயிருக்கு" என்று மட்டும் சொல்கிறவனுக்குப் பொரி கிடையாது. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கோயிலில் இப்படி இல்லை, தோட்டத்து ஃபெக்டரியிலும் இல்லை, இந்தத் தெருவில் மட்டும்தான். வெல்டிங்கில் ஓட்டை இருக்கிறது, கால் ஆடுகிறது, கைப்பிடி உயரமாக இருக்கிறது, பெயின்ட் நிறம் பேதியானவன் மூஞ்சி மாதிரி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டு சிரிக்கவேண்டும். மறுநாள் பாதிக் குறையைத் திருத்திவிடுவோம், மீதியைத் திருத்த குறை சொன்னவனே வந்து கை கொடுப்பான்.

சுனில் கினிகத்தேனையிலிருந்து அன்றைக்குக் கட்டாயம் வருவான். அவனுக்கு ஆள்காட்டி விரலில் பாதி இல்லை, அரிசி மில் பெல்டில் போனது. அதனால் எந்த மெஷினைப் பார்த்தாலும் அவன் முதலில் போவது பெல்ட் பக்கம். மூடி சரியாக இருக்கிறதா என்று அந்தப் பாதி விரலை வைத்துத் தட்டிப் பார்ப்பான். மூடி இல்லையென்றால் பொரியைத் தொடமாட்டான், போட்ட பிறகுதான் தின்பான். மற்றவர்கள் கேலி செய்வோம். அவன் தட்டிக்கொண்டே இருப்பான்.

இந்த வருஷம் நம் வாசலில் புது மெஷின் நின்றது. உருளையை நிறுத்தாமலே ஒரு லீவரை இழுத்தால் வாய் திறந்து கரட் தானாக வெளியே உருண்டு வரும். அந்த யோசனை உன்னுடையது. நல்ல யோசனை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. ஆனால் அதன் மேல் நீ நீலப் படங்கைப் போர்த்தி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாய். சந்தனத்தைப் படங்கின் மேல் வைத்தாய்! வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுனில் பொரித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சுற்றி வந்தான்.

"அக்கே, என்ன இது? பொண்ணு பாக்க வந்த மாதிரி மூடி வெச்சிருக்கு?"

நீ சிரிக்கக்கூட இல்லை. "இல்ல மாமா, இது வெளியில காட்ட முடியாது. கம்பெனிக்கு மட்டும்தான் குடுக்கிறதா பேசியிருக்கு. யாரும் போட்டோ எடுத்துட்டா பிரச்சின" என்றாய். அவன் கினிகத்தேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன். "அப்ப நான் எதப் பாத்துக் குறை சொல்றது தம்பி? படங்கையா?" என்று கேட்டுவிட்டுத் தட்டை அப்படியே மேசையில் வைத்தான். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். பொரி அப்படியே நமத்துப்போனது.

அன்றைக்கு நான் கத்தியபோது நீ பதிலுக்குக் கத்தினாய். "தொறந்து வெச்சித் தொறந்து வெச்சித்தான் நம்ம இன்னும் இந்தத் தகரத்துக்குக் கீழ இருக்கோம். அப்பாவோட டிரொலிய எவனோ எடுத்துக்கிட்டுப் போனப்ப இந்தத் தெருவுல யாரு வந்து கேட்டாங்க?" என்றாய். அதற்குப் பதில் இன்றைக்குச் சொல்கிறேன். நீ சொன்னது பாதி உண்மை. தேயிலைக் கொழுந்து மூட்டையைச் சரிவில் இழுத்துக்கொண்டு போக உன் அப்பா ஒரு டிரொலி செய்தார், ஒற்றைச் சக்கரத்தில், மலைப் பாதைக்கென்றே. அதை ஒரு பெரிய ஹார்ட்வெயார் முதலாளி ஆள் அனுப்பிப் படம் பிடித்து, எங்கேயோ மொத்தமாகச் செய்து, தன் பெயரை அடித்து விற்றான். உன் அப்பா அந்தக் கடை வழியாக நடப்பதையே விட்டுவிட்டார். ஆனால் ஒன்று யோசித்துப் பார். அந்த முதலாளி ஒரு ஆயுத பூஜைக்காவது வந்து குறை சொன்னவனா? நம்மிடம் எதையாவது கொடுத்துவிட்டு எடுத்தவனா? வருகிறவன் கொண்டுவருகிறானா, கொண்டுபோக மட்டும் வருகிறானா என்று பார்ப்பதற்குத்தான் கண் இருக்கிறது. ஒருத்தன் திருடினான் என்பதற்காக நீ கதவை அடைத்தாய். யாருக்கு அடைத்தாய்? சுனிலுக்கு அடைத்தாய், சரோஜாவுக்கு அடைத்தாய். உள்ளே யாரை விட்டாய்? அந்த முதலாளியைவிடப் பெரிய ஒருத்தனை, கோட்டுப் போட்டவன் என்பதற்காக, முன்வாசல் வழியாக.

படங்குக்குள் என்ன இருந்தது என்பது பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்தது. உன் புது லீவருக்கு இடம் பற்றவில்லை. அது பெல்ட் மூடியில் இடித்தது. நீ மூடியைக் கழற்றிவிட்டாய். உன் அப்பா சொன்னார், அவர் வாயைத் திறந்து சொன்னதே அபூர்வம்: "லீவர அந்தப் பக்கம் மாத்துவோம் தம்பி." நீ, "கம்பெனிக்காரங்க வந்து பாத்துட்டுப் போகட்டும்ப்பா, அப்புறம் மாத்திக்கலாம். இப்ப பாக்கக் கச்சிதமா இருக்கு" என்றாய். கச்சிதம்! பூஜையன்று அந்தப் படங்கு இல்லாமல் இருந்திருந்தால் சுனிலின் பாதி விரல் முதலில் போய் நின்றிருக்கும் இடம் அதுதான். அவன் பொரியைத் தொட்டிருக்கமாட்டான். நீயும் மூடியைப் போட்டிருப்பாய், போடாமல் அவன் விட்டிருக்கமாட்டான்.

கம்பெனிக்காரர்களுக்குக் காட்ட மெஷினைச் சரோஜாவின் கழுவுகிற கொட்டகைக்குக் கொண்டுபோனாய். அவள் தன் அன்றைய வேலையை நிறுத்திவைத்து இடம் கொடுத்தாள். காலையில் நல்ல குளிர், எல்லாரையும் போல அவளும் ஸ்வெட்டர் போட்டிருந்தாள், கை நீளமானது, நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டுக்காரர்கள் ஓடைச் சேற்றில் சப்பாத்துப் படாமல் தள்ளி நின்றார்கள். உருளை சுற்றியது. "இழுங்க அத்தை" என்று நீதான் சொன்னாய். அவள் லீவரை இழுக்கக் கையை நீட்டினாள். கரட் அழகாக உருண்டு வந்தது, கோட்டுக்காரர்கள் கை தட்டினார்கள், அந்தக் கைதட்டலுக்கு நடுவில்தான் அவள் கத்தியது கேட்டது. ஸ்வெட்டர் கையைப் பெல்ட் பிடித்து இழுத்துவிட்டது. உன் அப்பா ஓடிப்போய்ச் சுவிட்சை அடித்ததால் கை மிஞ்சியது. மணிக்கட்டில் எலும்பு உடைந்தது, தோல் உரிந்தது. அந்த ஓடைத் தண்ணீரில் கரட்டோடு சேர்ந்து ரத்தம் போனதை நான் பார்த்தேன்.

அதுவரைக்கும்கூட உன்னை நான் திட்டியிருக்கமாட்டேன் சதீஷ். மெஷின் வேலையில் அடிபடும். உன் அப்பாவின் முதுகில் இருக்கிற தழும்பை நீயும் பார்த்திருக்கிறாய். பிழை விட்டவன் எல்லாம் கெட்டவன் என்றால் இந்தத் தெருவில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரியில், அவளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நீ என்ன சொன்னாய்? நான் திரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர் போத்தலோடு நின்றுகொண்டிருந்தேன். "அத்தை, தயவுசெஞ்சி இத யாருக்கும் சொல்லாதீங்க. ஸ்டூல்ல இருந்து வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க. வெளியில தெரிஞ்சா டீல் போயிரும்." கொட்டகையில் வேலை செய்கிற பெண்களிடம் போனை வாங்கி நீ வீடியோவை அழித்ததையும் பிறகு கேள்விப்பட்டேன். அத்தை என்று கூப்பிட்ட வாய் அது. அவள் வலியோடு உன்னைப் பார்த்து, "சரிடா தம்பி, சொல்லல" என்றாள். அவள் உன்னை நினைத்துச் சொன்னாள். நீ யாரை நினைத்துச் சொன்னாய்?

உனக்கு இன்னும் புரியவில்லை என்றால் விளக்கமாகவே எழுதுகிறேன். நம் உருளையைப் பார்த்து மற்றப் பட்டறைகளிலும் உருளை செய்கிறார்கள். நாளைக்கு உன் லீவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, எவனாவது தானும் ஒன்று செய்வான். நீ எத்தனை படங்கு போட்டாலும் செய்வான், மலையில் எதுவும் அதிக நாள் ஒளிந்திருக்காது. அவனுக்கும் லீவர் மூடியில் இடிக்கும். அவனும் மூடியைக் கழற்றுவான். சரோஜா கையில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரிந்தால் கழற்றமாட்டான். தெரியாவிட்டால் இன்னொருத்தி கை. நம் யோசனையை நீ ஒளித்தாய், அது கஞ்சத்தனம், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நம் பிழையை ஒளித்தாயே, அதற்கு என்ன பெயர்? உன் பலகையில் அதற்கும் ஏதாவது சொல் இருக்கிறதா?

ஆகவே நான் செய்ததைக் கேள். நீ பஸ் ஏறிய மறுநாள், கொட்டகையிலிருந்து கொண்டுவந்து நீ மறுபடியும் மூடி வைத்திருந்த மெஷினை நடுப் பட்டறைக்கு இழுத்து, படங்கை அவிழ்த்து, தெருவில் இருக்கிற எல்லாப் பட்டறைக்காரர்களையும் கூப்பிட்டேன். சுனிலுக்குப் போன் போட்டு, "கோவத்த வெச்சிக்கிட்டாவது வந்துரு தம்பி" என்றேன். வந்தான். கழுவுகிற கொட்டகைக்காரர்களையும் வரச் சொன்னேன். மெஷினைச் சுற்றவிட்டு, பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் குச்சியில் மாட்டி, சரோஜா கையை நீட்டிய இடத்தில் நீட்டிக் காட்டினேன். பெல்ட் அதை இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தார்கள். உன் அப்பா அளவுகளை எல்லாம் சோக்கட்டியால் சுவரில் எழுதினார், வேண்டியவர்கள் எழுதிக்கொண்டார்கள். சுனில் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, லீவரை உருளைக்கு மேலால் கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கினால் கையும் பெல்ட்டும் கிட்டவே வராது, மூடியும் போடலாம் என்றான். அன்றைக்கே வெட்டி, அன்றைக்கே வெல்டிங் அடித்தார்கள். இப்போது உன் மெஷின் நீ செய்ததைவிட நன்றாக வேலை செய்கிறது. இனி அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கம்பெனிக்கு மட்டும் கொடுப்பதற்கும் ஒன்றுமில்லை. வேண்டுமென்றேதான் செய்தேன். உன் டீலை உடைத்தது நான், வேறு யார் மேலும் பழி போடாதே. அதற்கு மன்னிப்பும் கேட்கப்போவதில்லை.

உன் கம்பெனிக்காரர் நேற்று எனக்குப் போன் செய்தார். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "எத்தனை பேர் பாத்திருக்காங்க மேடம்? யாராவது அளவு எடுத்தாங்களா? யார் அனுமதி குடுத்தது?" பட்டறை என் பேரில், அனுமதி நான்தான் கொடுத்தேன் என்றேன். வேறு ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவருடைய கண் முன்னால்தான் சரோஜா கத்தினாள். அவர் சப்பாத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் அந்தத் தண்ணீர் ஓடியது. அவள் கை எப்படியிருக்கிறது என்று கேட்கவே இல்லை. வைத்துவிட்டார். அந்த ஆளை நான் பெற்று வளர்க்கவில்லை, கேட்காவிட்டால் போகட்டும். ஆனால் நீயும் போனதிலிருந்து எத்தனை தடவை எடுத்தாய்? மெஷினை மூடியாச்சா, ஆட்கள் வந்தாங்களா, கம்பெனியில இருந்து பேசினாங்களா. நானும் ஒவ்வொரு தடவையும் காத்திருந்தேன். ஒரு தடவைகூட அவள் கையைப் பற்றி நீ கேட்கவில்லை. டீல் போனதற்கு எனக்குக் கோபம் இல்லை, படங்கு போட்டதற்குக்கூட ஆறிப்போகும். இதற்கு ஆறவில்லை.

நீ படித்த படிப்பு வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நம்மிடம் குறை இருக்கிறது, தெரியும். டிரொலிக்கு நடந்தது திரும்ப நடக்கும். கொடுத்துவிட்டு எடுக்கிறவனுக்கும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கும் வித்தியாசம் சொல்ல நம்மிடம் வாய்தான் இருக்கிறது, சட்டம் இல்லை. நாலைந்து பட்டறையும் கழுவுகிறவர்களும் ஒரு பேரில் சேர்ந்து பதியலாமா, நமக்குள் திறந்து வைத்துக்கொண்டே வெளியிலிருந்து அள்ளிக்கொண்டு போகிறவனை எப்படி மறிக்கலாம் என்று யோசிக்க ஒரு படித்தவன் வேண்டும். சுனில்கூட அதைத்தான் கேட்டான்: "அக்கே, சதீஷுக்கு இதெல்லாம் தெரியுந்தானே?" பூட்டத் தெரிந்தவனுக்குக் கதவு செய்யவும் தெரியவேண்டும். அந்த வேலை இங்கே கிடக்கிறது. அதற்கு முதல் இன்னொரு வேலை இருக்கிறது.

வருவதானால் நம் வீட்டுக்கு முதலில் வராதே. சரோஜா வீட்டுக்குப் போ. பழப் பையும் ஹோர்லிக்ஸ் போத்தலும் வாங்கிக்கொண்டு விருந்தாளி மாதிரிப் போய் நிற்காதே. வலது கையில் கட்டோடு அவளால் செய்யமுடியாத வேலை வீடு முழுக்கக் கிடக்கிறது, தண்ணீர் எடு, விறகு பிள, கொட்டகையில் மூட்டை தூக்கு. அவள் திட்டுவாள், என்னைவிட நன்றாகத் திட்டுவாள். முழுதும் நின்று கேள். என்ன நடந்தது என்று கேட்கிறவர்களிடம் அவள் இன்னும், ஸ்டூலிலிருந்து வழுக்கி விழுந்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஊருக்கே நான் காட்டிய பிறகும், உனக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வாக்கை நீதான் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். "எல்லாருக்கும் சொல்லுங்க அத்தை, என்னாலதான்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா. அப்படி வந்தால் நான் உன் அம்மா. சொல்லாமல் வந்தால், இந்தப் பட்டறைக்கு வருகிற வாடிக்கைக்காரர்களில் நீயும் ஒருவன். என்ன வேலை என்று கேட்பேன், முடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

அம்மா